ஒரு தம்ளர் பாலும் முப்பது கிலோ குஷனும்

ஐந்து நாள் காயவைத்த சோபா குஷனில் இன்று காலை நம்பி உட்கார்ந்தேன். எழுந்தால் பின்பக்கம் முழுக்க ஈரம். ஐந்து நாள்! சிமெண்டுத் தரை போட்டிருந்தால்கூட இந்நேரம் இறுகி, நடமாட விட்டிருக்கும்.

சிந்தியது என்னவோ ஒரு தம்ளர் பால்தான். 200 மில்லி. உடனே துண்டை வைத்து அழுத்தி ஒற்றியிருந்தால் பாதி ஆபத்து போயிருக்கும். நானோ வீடியோ பார்த்தேன். நெற்றியில் ஒரு பொட்டு வியர்வை இல்லாத மனிதர் ஒருவர் சமையல் சோடாவைத் தூவி, அதன் தலையிலேயே வினிகரை ஊற்றி, நுரை பொங்குவதைப் பூரிப்புடன் காட்டினார். பொங்காமல் என்ன செய்யும்? காரமும் அமிலமும் ஒன்றையொன்று தின்று தீர்த்த பிறகு மிஞ்சுவது கொஞ்சம் உப்புத் தண்ணீர். சோடாவைத் தனியாகத் தூவி ஓர் இரவு விட்டிருந்தால் வாடையையாவது இழுத்திருக்கும். இதெல்லாம் எனக்கு இரண்டாம் நாள்தான் தெரிந்தது.

முதல் நாள், உறையைக் கழற்றி வாஷிங் மெஷினில் போட்டேன். ஜிப் இருக்கிறதே, கழற்றித் துவைக்கத்தானே? இல்லையாம். பல சோபாக்களில் அந்த ஜிப், தொழிற்சாலையில் ஃபோமைத் திணிப்பதற்காக மட்டும் வைத்ததாம். அதனால்தான் அதில் இழுக்கப் பிடிகூட இல்லை. துவைத்து உதறும்போது உள்தையலில் நக அளவுக்கு ஒரு துணிச்சீட்டு கண்ணில் பட்டது. ‘எக்ஸ்’ என்று ஒரே எழுத்து. ‘டபிள்யூ’ என்றால் தண்ணீர் படலாம், ‘எஸ்’ என்றால் கரைப்பான் மட்டும், ‘எக்ஸ்’ என்றால் இரண்டும் ஆகாது, தூசியை உறிஞ்சிவிட்டுக் கும்பிட்டு நகர வேண்டியதுதான். இவ்வளவு முக்கியமான சேதியை உறையின் வயிற்றுக்குள் வைத்துத் தைத்த மகராசன் யார்?

உறை கதை அப்படி. ஃபோம் கதைக்கு வருகிறேன். 60 செ.மீ. நீளம், 60 அகலம், 12 உயரம். கணக்குப் போட்டால் 43 லிட்டர். அதில் கிட்டத்தட்ட எல்லாமே காற்று. காய்ந்திருந்தால் ஒன்றரைக் கிலோ தேறாது. குளியலறையில் கிடத்தி, சோப்புத்தூளைக் கொட்டி, வாளி வாளியாகத் தண்ணீர் ஊற்றினேன். காற்று இருந்த இடமெல்லாம் தண்ணீர். தூக்கினேன். தூக்கப் பார்த்தேன் என்பதுதான் சரி. முப்பது கிலோவுக்குக் குறையாது. குளத்தில் படுத்த எருமையாவது அதட்டினால் எழுந்திருக்கும்.

பிழியக் கூடாது, கிழிந்துவிடும். அழுத்தித்தான் எடுக்க வேண்டும். கையால் அழுத்தினேன். முழங்காலால் அழுத்தினேன். கடைசியில் சுவரைப் பிடித்துக்கொண்டு மேலே ஏறி மிதித்தேன். ஒவ்வொரு மிதிக்கும் சோப்பு நுரை. தண்ணீர் ஊற்று, மிதி, நுரை. மறுபடி ஊற்று, மிதி, நுரை. இருபதாவது மிதியிலும் அன்று பிறந்த நுரைபோல அவ்வளவு வெண்மையாக வந்தது. கரண்டி சோப்புத்தூள் போதுமென்று அந்த வியர்க்காத மனிதர் ஏன் சொல்லவில்லை?

பிறகு கட்டிப் பிடித்துப் பால்கனிக்குக் கொண்டுபோனேன். வழியெல்லாம் ஆறு ஓடியது. செங்குத்தாக நிறுத்தினால் ஈரம் அடியில் இறங்கியது. திருப்பி நிறுத்தினால் மறுபடி அடியில் இறங்கியது. வெயிலில் வெகுநேரம் வைத்தால் ஃபோம் மஞ்சளித்துப் பொடியுமாம். நிழலில் வைத்தால் பூஞ்சை. எங்கேதான் வைப்பது, தலையிலா? மேலே தொட்டால் சருகு; உள்ளே சேறு. 1937இல் ஜெர்மனியில் ஓட்டோ பேயர் குழுவினர் இந்த ஃபோம் செய்யப்படும் பாலியூரிதேனைக் கண்டுபிடித்தார்கள். அதைக் காயவைக்கும் வழியைக் கண்டுபிடிக்க அப்புறம் ஒருவருக்கும் நேரம் கிடைக்கவில்லை.

சுருங்கிப்போன உறைக்குள் அதைத் திரும்ப நுழைத்த கதையைச் சொல்ல இன்று தெம்பில்லை. ஒரு மூலை இன்னும் உள்ளே மடங்கித்தான் கிடக்கிறது.

ஈரமானதை ஓரத்துக்கு மாற்றலாம் என்று பக்கத்துக் குஷனை எடுத்தேன். அடியில் தட்டு அகலத்துக்குப் பழுப்புக் கறை. மூன்றாவதைத் திருப்பினேன். அதில் மசி. மனைவியைப் பார்த்தேன்.

“கறை பட்டால் திருப்பிப் போட வேண்டியதுதானே? இரண்டு பக்கம் எதற்கு வைத்திருக்கிறார்கள்?” என்றாள்.

“ஐந்து நாளாக ஏன் சொல்லவில்லை?”

“நீங்கள் கேட்கவில்லையே. ஆசையாக மிதித்துக்கொண்டிருந்தீர்கள்.”

சிரிப்பு வந்துவிட்டது. அடக்க முடியாமல் சிரித்துக்கொண்டே பொத்தென்று உட்கார்ந்தேன். அதே குஷனில்.