எண்ணெய் வண்ணம் காய நேரம் கொடுங்கள்

நுண்கலைப் பட்டப் படிப்பில் எண்ணெய் ஓவியம் சொல்லிக்கொடுக்கப்படும் விதம் பற்றி ரொம்ப நாளாக மனதில் கிடப்பதை இன்று எழுதிவிடுகிறேன். பதிவு நீளமாகத்தான் போகும். ஓவிய மாணவர்களும் ஆசிரியர்களும் கடைசி வரை படித்தால் சந்தோஷப்படுவேன்.

நான் சொல்ல வருவது இதுதான்: எண்ணெய் ஓவியத்தின் பாடத்திட்டத்தை, எண்ணெய் காய்கிற வேகத்தை வைத்து வகுக்க வேண்டும். இப்போது நடப்பது தலைகீழ். செமஸ்டருக்கு இத்தனை வாரம், அதற்குள் இத்தனை படம், இந்தத் தேதியில் ரிவ்யூ என்று அட்டவணையை முதலில் போட்டுவிடுகிறார்கள். எண்ணெய் அதற்குள் காய்ந்தாக வேண்டும். அது எப்படிக் காயும்?

நீர்வண்ணமும் அக்ரிலிக்கும் காய்வது பெரும்பாலும் தண்ணீர் ஆவியாவதால். எண்ணெய் வண்ணத்தில் நிறப்பொடியைக் குழைக்கும் ஆளிவிதை எண்ணெய் அப்படி ஆவியாகிப் போவதில்லை. காற்றில் உள்ள ஆக்ஸிஜனை இழுத்துக்கொண்டு, மூலக்கூறுகள் ஒன்றோடொன்று பிணைந்து, மெல்ல மெல்ல ஒரு திடப் படலமாகிறது. எண்ணெய் காயும்போது அதன் எடை கூடுகிறது என்று சொன்னால் இறுதியாண்டு மாணவர்களே ஆச்சரியப்படுகிறார்கள். முதல் வகுப்பிலேயே சொல்லியிருக்க வேண்டிய விஷயம் இது. மேலும், ஒவ்வொரு நிறமும் ஒவ்வொரு வேகத்தில் காயும். அம்பர் என்ற பழுப்பு மண் நிறத்தில் மாங்கனீஸ் இருப்பதால் மெல்லிய பூச்சு ஓரிரு நாளில் தொட்டால் ஒட்டாத நிலைக்கு வந்துவிடும். ஐவரி பிளாக் ஒரு வாரம் தாண்டியும் பிசுபிசுக்கும். தொட்டால் ஒட்டவில்லை என்பதற்கும் அடிவரை காய்ந்துவிட்டது என்பதற்கும் இடையில் பல மாதங்கள் இருக்கின்றன. பழைய முறைப்படி, வார்னிஷ் பூச ஆறு மாதமாவது, ஒரு வருடம்கூட, காத்திருக்கச் சொல்வது இதனால்தான்.

இந்தப் பொறுமையின்மை நம் காலத்தில் பிறந்தது இல்லை. 12ஆம் நூற்றாண்டில் தியோஃபிலஸ் என்ற துறவி கைவினைகள் பற்றி எழுதிய நூலிலேயே இந்தக் குறை வருகிறது: எண்ணெயில் உருவம் வரைந்தால் ஒரு நிறம் காய்ந்த பிறகுதான் அடுத்ததை வைக்க முடியும், அது சலிப்பூட்டும் அளவுக்கு நேரம் பிடிக்கிறது என்று. பிறகு 15ஆம் நூற்றாண்டில் யான் வான் ஐக் போன்ற ஓவியர்கள் அதே தாமதத்தைத் தங்களுக்குச் சாதகமாக்கிக்கொண்டார்கள். 1434இல் அவர் வரைந்த அர்னோல்ஃபினி தம்பதியர் படத்தில் அந்தப் பச்சை உடை அவ்வளவு ஆழமாகத் தெரிவதற்குக் காரணம், காய்ந்த அடுக்கின் மேல் ஒளி ஊடுருவும் இன்னொரு மெல்லிய அடுக்கு, அதாவது கிளேஸிங். ஒளி உள்ளே போய், கீழே உள்ள அடுக்கில் பட்டுத் திரும்பி வருகிறது. டியூபிலிருந்து நேராகப் பிதுக்கிப் பூசிய பச்சையில் இந்த ஆழம் வராது. கீழ் அடுக்கு காயும் முன் கிளேஸ் போட்டால் இரண்டும் கலந்து கலங்கல்தான் மிஞ்சும்.

அவகாசம் இல்லாத மாணவர் என்ன செய்வார்? ஈரத்தின் மேல் ஈரமாகப் பூசி ஒரே மூச்சில் முடிப்பார். அல்லது உலர்த்தியை அளவுக்கு மீறிக் கலப்பார். அல்லது முக்கால்வாசியை அக்ரிலிக்கில் முடித்துவிட்டு மேலே மட்டும் எண்ணெய் பூசுவார். ஒரே அமர்வில் முடிக்கும் 'அல்லா ப்ரிமா' முறை உயர்ந்த முறை, மறுக்கவில்லை. ஆனால் ஒவ்வொரு தீற்றும் வைக்கும் முன்பே முடிவாகியிருக்க வேண்டிய முறை அது. அடுக்கடுக்காகக் கட்டத் தெரிந்த ஒருவர் விரும்பி அதைத் தேர்ந்தெடுப்பது வேறு, தேதி நெருக்குவதால் வேறு வழியின்றி அதில் போய் விழுவது வேறு. நான்கு வருடம் எண்ணெயில் படித்து, காய்ந்த அடுக்கின் மேல் ஒருமுறைகூடத் தூரிகை வைக்காமல் பட்டம் வாங்குகிறவர்கள் இருக்கிறார்கள். ஆக்கப் பொறுத்தவர்கள் ஆறப் பொறுக்கவில்லை என்பார்களே, இங்கே படிப்பு முழுக்க அப்படித்தான் நடக்கிறது.

இதன் விளைவைக் கண்ணால் பார்க்கலாம். சமீபத்தில் பட்டம் முடித்த ஒருவருடைய கேன்வாஸைக் கையில் வாங்கி, ஜன்னலோரம் சாய்த்துப் பிடித்துப் பார்த்தேன். பின்னணி கறுப்பு. நிறைய எண்ணெய் ஊற்றி வழவழப்பாகப் பூசியிருக்கிறார். அதன் மேல் தோள்பட்டையை, டர்பன்டைன் என்ற கரைப்பானில் கரைத்த அம்பரில் வேகமாகப் போட்டிருக்கிறார். நேராகப் பார்த்தால் நல்ல படம். உருவத்தின் எடை, தலை சாய்ந்த கோணம், எல்லாம் சரியாக வந்திருந்தது. சாய்த்துப் பார்த்தபோது தோளின் மேல் முழுக்க முதலைத் தோல் மாதிரி வெடிப்புகள். அந்த வெடிப்புகளுக்கிடையே கறுப்பு இன்னும் மினுமினுத்தது. மேல் அடுக்கு முதலில் காய்ந்து இறுகிவிட்டது. கீழே உள்ளது காயாமல் நெளிந்துகொண்டே இருந்திருக்கிறது. எண்ணெய் குறைந்த அடுக்கு கீழே, எண்ணெய் கூடியது மேலே என்கிற விதி இதைத் தடுக்கத்தான் இருக்கிறது. அந்த மாணவருக்கு விதி தெரியும், தேர்வில் எழுதியும் இருக்கிறார். ஆனால் அந்த விதி தன் கேன்வாஸில் எப்படி வேலை செய்கிறது என்று பார்க்கும் அவகாசத்தை அவருக்கு யாரும் தரவில்லை. எனக்குக் கோபம் வந்தது, அவர் மேல் இல்லை.

பெரியவர்களும் இதில் அடிபட்டிருக்கிறார்கள். லியோனார்டோ 'கடைசி இராவுணவு' படத்தை ஈரச் சுண்ணாம்பில் வேகவேகமாக வரைய விரும்பாமல், காய்ந்த சுவரில் தன் இஷ்டத்துக்கு நிறுத்தி நிதானமாக வரைந்தார். 1498 வாக்கில் முடித்தார். ஏறக்குறைய இருபது ஆண்டுகளிலேயே வண்ணம் உதிரத் தொடங்கிவிட்டது. ஆங்கில ஓவியர் ஜோஷுவா ரெனால்ட்ஸ் தீட்டிய முகங்களின் சிவப்பு அவர் உயிரோடு இருக்கும்போதே வெளுத்தது. வான் கோ 1888இல் வரைந்த படுக்கையறையின் சுவர் அவர் கண்ணுக்கு இளம் ஊதா. சிவப்பு நிறமி மங்கிப் போனதால் நாம் இன்று பார்ப்பது நீலம். கலை வரலாற்று வகுப்பில் இந்தப் படங்களை ஸ்லைடில் காட்டுகிறோம். அதே வாரம் ஸ்டுடியோவில் எந்த நிறமி நிலைக்கும், எது மங்கும் என்று ஏன் பேசுவதில்லை? இரண்டு வகுப்புகளும் ஒன்றையொன்று பார்த்துக்கொள்வதே இல்லை.

டியூபின் பின்புறத்தைப் படிக்கக் கற்றுக்கொடுங்கள். முன்னால் அழகான பெயர் இருக்கும்; உள்ளே இருக்கும் நிறமி எது என்பதைப் பின்னால் சிறிய எழுத்தில் உள்ள குறியீடுதான் சொல்லும். பி.பி. 29 என்றால் அல்ட்ராமரீன் நீலம், பி.டபிள்யூ. 6 என்றால் டைட்டானியம் வெள்ளை, பி.டபிள்யூ. 4 என்றால் ஜிங்க் வெள்ளை. ஜிங்க் வெள்ளை நாளாக ஆக நொறுங்கும் தன்மையுடையது என்பதால் அடி அடுக்குக்கு ஆகாது. 'ஹ்யூ' என்று போட்டிருந்தால் பெரும்பாலும் அந்த நிறமிக்குப் பதிலாக வேறொன்று இருக்கிறது என்று அர்த்தம். 1841இல் ஜான் கோஃப் ராண்ட் தகர டியூபைக் கண்டுபிடித்த பிறகு ஓவியர்கள் வண்ணம் அரைப்பதை ஏறக்குறைய விட்டுவிட்டார்கள். எல்லா வண்ணத்தையும் அரைக்கச் சொல்லவில்லை. ஒரே ஒரு நாள், கண்ணாடிப் பலகையில் கொஞ்சம் ஓக்கர் (மஞ்சள் காவி) பொடி, சில சொட்டு ஆளிவிதை எண்ணெய், ஒரு கண்ணாடிக் குழவி. முதலில் மணல் அரைபடுகிற சத்தம் வரும். அரைக்க அரைக்கச் சத்தம் குறைந்து, கைக்குப் பட்டு மாதிரி வழுக்கும். அடுத்து அல்ட்ராமரீனை அரைத்தால் அது வேறு மாதிரி, இழுபடும். டியூபில் வருவது நிறம் மட்டுமில்லை, ஒவ்வொன்றும் குணம் வேறான ஒரு பொருள் என்று அந்த ஒரு மதியத்தில் கை கற்றுக்கொண்டுவிடும்.

முதல் வருடம் நாற்பது டியூப் வாங்கச் சொல்லாதீர்கள். ஸ்வீடன் ஓவியர் ஆண்டர்ஸ் ஸோர்னின் பெயரால் வழங்கும் நால்வண்ண பேலட் போதும்: யெல்லோ ஓக்கர், வெர்மிலியன் அல்லது அதற்கு ஈடான ஒரு சிவப்பு, ஐவரி பிளாக், வெள்ளை. பேலட்டில் நீலமே கிடையாது. ஆனால் கறுப்பில் வெள்ளை கலந்த சாம்பலை ஓக்கர் கலந்த தோல் நிறத்துக்குப் பக்கத்தில் வைத்தால் அது நீலமாகத் தெரியும். நிறம் என்பது பக்கத்தில் இருப்பதைப் பொறுத்தது என்று பத்து பக்கம் படிப்பதைவிட இந்த ஒரு தீற்று போதும்.

ஆசிரியர்கள் மாணவர்களுக்கு முன்னால் வரைய வேண்டும். இதை நான் அழுத்திச் சொல்கிறேன். ரவி வர்மா இளைஞராக இருந்தபோது அரண்மனைக்கு வந்த தியோடர் ஜென்சன் என்ற ஐரோப்பிய ஓவியர் கற்றுத்தர மறுத்து, வரைவதைப் பார்க்க மட்டும் அனுமதித்தார் என்று அவருடைய வாழ்க்கை வரலாறுகள் சொல்கின்றன. பார்ப்பது மட்டுமே அவ்வளவு கொடுத்தது. இன்று பல ஸ்டுடியோக்களில் ஆசிரியர் வாயால் திருத்துகிறார். அவர் பிரஷைப் பிடிக்கும் விதம், எவ்வளவு வண்ணம் எடுக்கிறார், எப்போது நிறுத்தி இரண்டடி பின்னால் போகிறார் என்பதை மாணவர் பார்த்ததே இல்லை.

க்ரிட்டீக்கில், அதாவது படங்களை விமர்சிக்கும் வகுப்பில், போன் படத்தைக் காட்டும் பழக்கமும் ஒழிய வேண்டும். தடிமன், பளபளப்பு, கிளேஸின் ஆழம் எதுவும் திரையில் வராது. திரையில் எடுபடுவதையே மாணவர்கள் வரையத் தொடங்கிவிடுகிறார்கள்.

பாதுகாப்பு பற்றிச் சுருக்கமாக. ஆளிவிதை எண்ணெய் நனைத்த துணியைக் கசக்கி மூலையில் குவித்தால், காய்வதால் உண்டாகும் வெப்பமே சேர்ந்து தானாகத் தீப்பிடிக்கும். மூடியுள்ள உலோகத் தொட்டியில் போடுங்கள், அல்லது விரித்துக் காயவிடுங்கள். டர்பன்டைன் திறந்த பாத்திரத்தில் நாள் முழுக்க இருக்கக் கூடாது. காட்மியம், ஈயம் உள்ள நிறங்களைத் தொட்ட கையோடு சாப்பிடக் கூடாது. காற்றோட்டம் இல்லாத அறையை எண்ணெய் ஸ்டுடியோ என்று அழைக்கவே கூடாது.

"இன்று கருத்துதான் முக்கியம், கைத்திறன் எல்லாம் பழைய கதை" என்று சொல்பவர்கள் உண்டு. அவர்களில் நான் மதிப்பவர்களும் இருக்கிறார்கள். எண்ணெயைத் தொடாமலே பெரிய கலைஞராகலாம், சந்தேகமில்லை. ஆனால் எண்ணெய் ஓவியம் என்று பெயர் வைத்து ஒரு பாடத்தை நடத்தினால், அந்தப் பொருளை முழுதாகக் கொடுத்தாக வேண்டும். கருத்து கேன்வாஸுக்கு வெளியே எங்கேயோ தயாராகி வந்து அதன் மேல் ஒட்டிக்கொள்வதில்லை. அடி அடுக்கு காயக் காத்திருக்கும் வாரத்தில்தான் படத்தைத் திரும்பத் திரும்பப் பார்க்கிறோம். அந்தக் கை இங்கே இருக்கக் கூடாது, இந்த வெளிச்சம் பொய் என்று அப்போதுதான் புரிகிறது. நான் அறிந்தவரை மாணவர்கள் எடுத்த துணிச்சலான முடிவுகள் பலவும் இந்த இடைவெளியில் வந்தவை.

நடைமுறையில் என்ன செய்யலாம்? செமஸ்டருக்கு ஆறு படம் என்பதை இரண்டாகக் குறையுங்கள். இரண்டையும் ஒரே நேரத்தில் ஓட விடுங்கள்: ஒன்று காயும்போது மற்றதில் வேலை. முதல் மாதத்தில் அண்டர்பெயின்டிங், அதாவது அடி அடுக்கு ஓவியம் மட்டும், அம்பரிலோ சாம்பலிலோ, நிறமே இல்லாமல். அதற்கும் மதிப்பெண் கொடுங்கள். மதிப்பெண் இல்லாத வேலையை மாணவர்கள் அவசரமாகத் தாண்டிவிடுவார்கள், அதில் அவர்களைக் குறை சொல்ல முடியாது. இறுதி ரிவ்யூவில் படம் ஈரமாக இருந்தால், இன்னும் ஒரு அடுக்கு பாக்கி இருந்தால், முடிக்கவில்லை என்று மதிப்பெண்ணைக் குறைக்காதீர்கள். அடுத்து என்ன செய்யப்போகிறாய், எதற்காகக் காத்திருக்கிறாய் என்று கேளுங்கள். ஈரப் படங்கள் ஒன்றையொன்று உரசாமல் நிற்க ஒரு ரேக் வாங்கிக் கொடுங்கள், அது இல்லாத ஸ்டுடியோக்கள்தான் அதிகம். மாணவர்களே, உங்கள் ஆசிரியர் சொன்னாலும் சொல்லாவிட்டாலும் ஒவ்வொரு கேன்வாஸின் பின்புறமும் பென்சிலால் எழுதி வையுங்கள்: என்ன பிரைமர் (கேன்வாஸின் அடிப்பூச்சு), எந்த அடுக்கு எந்தத் தேதி, எவ்வளவு எண்ணெய், எந்த நிறமி. ஐந்து வருடம் கழித்து அந்தப் படத்தில் ஏதாவது வெடித்தாலோ மஞ்சளித்தாலோ, ஏன் என்று உங்களுக்கு வேறு யாராலும் சொல்ல முடியாது.