‘யெஸ் சார்’ சொல்வது மட்டுமே பட்டாளம் இல்லை

மேடையில் ஒரு பேச்சாளர் பட்டாளத்தை உதாரணம் காட்டிப் பேசிய அந்த வீடியோவை இதுவரை 11 பேர் எனக்கு அனுப்பிவிட்டீர்கள். நான் அதே அரங்கில் மூன்றாவது வரிசையில்தான் உட்கார்ந்திருந்தேன். "இது என்ன பட்டாளமா, மேலே இருப்பவன் சொன்னதும் மூளையைக் கழற்றி வைத்துவிட்டு யெஸ் சார் போட?" என்று அவர் கேட்டதையும் கேட்டேன், அதற்கு எழுந்த கைதட்டலையும் கேட்டேன். பக்கத்தில் இருந்த என் மகனும் தட்டினான். தட்டி முடித்த பிறகுதான் என்னைத் திரும்பிப் பார்த்தான்.

இதைப் பற்றி எழுத வேண்டாம் என்று இரண்டு நாள் சும்மா இருந்தேன். முடியவில்லை.

ராணுவத்தின் தகவல் தொடர்புப் பிரிவான சிக்னல்ஸில் 22 வருஷம் இருந்து ஹவில்தாராக வெளியே வந்தவன் நான். ஒருவர் சொல்வதை இன்னொருவரிடம் பிழையில்லாமல் கொண்டுபோய்ச் சேர்ப்பதுதான் என் வேலை. அந்த அனுபவத்தில் சொல்கிறேன், மூளையைக் கழற்றி வைத்தவனை வயர்லெஸ் செட் பக்கமே விடமாட்டார்கள்.

செட்டில் பேசும்போது பெயர் இல்லை, ரேங்க் இல்லை. கால் சைன் என்ற குறியீடு மட்டும்தான். எதிர்முனையில் இருப்பது கர்னலாக இருக்கலாம், போன மாதம் வந்து சேர்ந்த பையனாகவும் இருக்கலாம். காதில் சரியாக விழவில்லையென்றால் "ஸே அகெய்ன்" (மறுபடி சொல்லுங்கள்) என்று கேட்டே ஆக வேண்டும். ("ரிப்பீட்" என்று கேட்கக் கூடாது. பீரங்கிக்காரர்களிடம் அந்த வார்த்தைக்கு ‘அதே இடத்தில் மறுபடியும் சுடு’ என்று அர்த்தம்.) எண்களைத் திருப்பிப் படித்துக் காட்ட வேண்டும். புரியாததைப் புரிந்தது என்று சொல்வதுதான் அங்கே பெரிய தப்பு. இதைத்தான் முதல் நாளிலிருந்து மண்டையில் ஏற்றுகிறார்கள்.

நான் சேர்ந்த இரண்டாவது வருஷம் ராத்திரியில் ஒரு பயிற்சி நடந்தது. நல்ல மழை, செட்டில் ஒரே இரைச்சல். ஒரு மேஜர் ஆறு இலக்க மேப் ரெஃபரன்ஸ் (மேப்பில் ஒரு இடத்தைக் குறிக்கும் எண்) கொடுத்தார். மூன்றாவது இலக்கம் ஃபைவா நைனா என்று தெரியவில்லை. இந்தக் குழப்பம் வரக் கூடாது என்றுதான் ஒன்பதை ‘நைனர்’ என்று சொல்லப் பழக்குகிறார்கள். அவர் அவசரத்தில் வெறும் நைன் என்றாரோ, ஃபைவ் என்றாரோ. ஒரு தடவை கேட்டேன், இரண்டாம் தடவையும் கேட்டேன். "காது கேட்காதா உனக்கு?" என்று கத்தினார். எனக்கு அப்போது 20 வயது. சுவிட்சில் இருந்த கட்டைவிரல் நடுங்கியது. பக்கத்தில் எங்களுக்கு மேலே இருந்த நாயப் சுபேதார் சாப் (‘சாப்’ என்றால் ஐயா) உட்கார்ந்திருந்தார். அவர் ஒன்றும் பேசவில்லை. மெஸேஜ் பேடில் நான் எழுதியிருந்த 5-ன் மேல் பென்சில் முனையை வைத்து இரண்டு முறை தட்டினார். என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். மூன்றாவது தடவையாக சுவிட்சை அழுத்தி "ஸே அகெய்ன் ஃபிகர்ஸ்" என்றேன். கொஞ்ச நேரம் இரைச்சல் மட்டும் வந்தது. அப்புறம் நிதானமாக, ஒவ்வொரு எண்ணாக வந்தது. மூன்றாவது, நைனர்.

மேப் பார்க்கத் தெரிந்தவர்களுக்குப் புரியும், அந்த இலக்கம் ஒன்று மாறினால் தரையில் 100 மீட்டர் தள்ளிப்போகும், 5-க்கும் 9-க்கும் இடையே 400 மீட்டர். மறுநாள் காலையில் அந்த மேஜர் எங்கள் கூடாரத்துக்கு நடந்து வந்தார். "நேற்று செட்டில் நீதானா? சரியாகச் செய்தாய்" என்றார், போய்விட்டார். மூளையைக் கழற்றி வைத்தவனிடம் யாராவது இப்படி வந்து சொல்வார்களா?

ரேங்க் என்றாலே வாயை அடைக்கும் துணி என்று வெளியில் நினைக்கிறார்கள். குரல் எந்த வழியாகப் போக வேண்டும் என்பதற்கு இருக்கும் படிக்கட்டு அது. 22 வயது லெஃப்டினன்ட் புதிதாக யூனிட்டுக்கு வருவார். அவருக்குக் கீழே 25 வருஷ சர்வீஸ் போட்ட சுபேதார் இருப்பார். சுபேதார்தான் சல்யூட் அடிக்க வேண்டும். ஆனால் அந்தப் பையன் அவரை ‘சாப்’ என்றுதான் கூப்பிட வேண்டும். அவரும் இவரை ‘சாப்’ என்பார். ஜவான்களுக்கும் அதிகாரிகளுக்கும் நடுவில் இருக்கும் சுபேதார் போன்ற பதவிகளுக்கு வெள்ளைக்காரன் காலத்தில் வைஸ்ராய் கமிஷன் என்று இருந்தது, சுதந்திரத்துக்குப் பிறகு ஜேசிஓ (ஜூனியர் கமிஷன்ட் ஆபீசர்) ஆனது. லெஃப்டினன்ட் தப்பான முடிவெடுத்தால் சுபேதார் ஆட்கள் முன்னால் மறுத்துப் பேசமாட்டார். "சாப், ஒரு நிமிஷம்" என்று ஓரமாகக் கூட்டிப்போவார். திரும்பி வரும்போது உத்தரவு மாறியிருக்கும். மாற்றிச் சொல்வது லெஃப்டினன்ட்தான். சுபேதார் சொன்னார் என்று யாருக்கும் தெரியாது. இதை நான் என் கண்ணால் எத்தனையோ தடவை பார்த்திருக்கிறேன்.

"எதிர்த்துப் பேசினால் கோர்ட் மார்ஷல்தானே?" என்று ஒருவர் வருவார் என்று தெரியும். 1950-ஆம் வருஷத்து ராணுவச் சட்டத்தைப் படித்துப் பாருங்கள். கீழ்ப்படியாமைக்குத் தண்டனை சொல்லும் 41-வது பிரிவே ‘சட்டப்படியான உத்தரவு’ என்றுதான் பேசுகிறது. 26-வது பிரிவில் ஜவான் தனக்கு இழைக்கப்பட்ட அநீதியைப் புகாராகச் சொல்ல வழி இருக்கிறது. புகாரே தன் மேலதிகாரி மேல்தான் என்றால் அவருக்கும் மேலே இருப்பவரிடம் போகலாம்.

1971 ஏப்ரலில் உடனே போருக்குப் போக முடியாது என்று மானெக்‌ஷா பிரதமர் முகத்துக்கு நேராகச் சொன்னதைச் சொன்னால், "அவர் தலைமைத் தளபதி, நீ யார்?" என்பீர்கள். நியாயம்தான். அதனால்தான் என் சொந்தக் கதையை முதலில் சொன்னேன்.

கேள்வி கேட்காமல் போனால் என்ன ஆகும் என்று பட்டாளத்துக்குத் தெரிந்த அளவு வேறு யாருக்கும் தெரியாது. 1854 அக்டோபர் 25, ரஷ்யாவோடு நடந்த கிரிமியப் போரில் பாலக்லாவா. குன்றின் மேலிருந்து பிரிட்டிஷ் தளபதி ராக்லன் எழுதி அனுப்புகிறார், எதிரி பீரங்கிகளைக் கொண்டுபோகாமல் தடுக்க வேண்டும் என்று. அவர் கண்ணுக்குத் தெரிந்த பீரங்கி, கீழே பள்ளத்தாக்கில் நின்ற குதிரைப்படைத் தளபதி லூக்கனுக்குத் தெரியவில்லை. எந்தப் பீரங்கி என்று கேட்டார். சீட்டைக் கொண்டுவந்த கேப்டன் நோலன் கோபத்தில் கையை வீசி எங்கோ காட்டினார். ஒரு கேப்டன் தன்னிடம் அப்படிப் பேசியதில் லூக்கனுக்கு மனம் சுட்டுவிட்டது. இரண்டாம் முறை கேட்கவில்லை. 600-க்கும் மேற்பட்ட குதிரைவீரர்கள் தவறான பீரங்கிகளை நோக்கிப் பாய்ந்தார்கள். 100 பேருக்கு மேல் செத்தார்கள். முதலில் விழுந்தவர்களில் நோலனும் ஒருவர். ஒரே ஒரு ‘ஸே அகெய்ன்’ இல்லாததால்.

சரி, பட்டாளத்தில் ரேங்க் யாருடைய வாயையும் அடைத்ததே இல்லையா? அடைத்திருக்கிறது. என்னோடு இருந்த ஒரு லான்ஸ் நாயக்கின் லீவு விண்ணப்பம் ஒரு மேசையில் மூன்று நாள் கிடந்தது. அவன் அப்பாவுக்கு முடியாமல் இருந்தது. அவனும் மேலே போய்ச் சொல்லவில்லை, எனக்கும் சொல்லத் தைரியம் வரவில்லை. அவன் ஊர் போய்ச் சேர்ந்தபோது எல்லாம் முடிந்திருந்தது. அது அந்த மேசையில் இருந்த மனிதன் செய்த தப்பு, படிக்கட்டின் தப்பு இல்லை. இதை இன்றைக்கும் எனக்கு நானே சொல்லிக்கொண்டுதான் இருக்கிறேன்.

பென்ஷன் வந்த பிறகு ஒரு தனியார் அலுவலகத்தில் நாலு வருஷம் வேலை பார்த்தேன். அங்கே எல்லோரும் எல்லோரையும் பெயர் சொல்லித்தான் கூப்பிடுவார்கள். முதலாளியையும்தான். முதல் வாரம் எனக்கு வாயே வரவில்லை. அப்புறம் ஒரு மீட்டிங்கில் மேலதிகாரி ஒரு தேதியைத் தப்பாகச் சொன்னார். அறையில் இருந்த 14 பேருக்கும் தப்பு என்று தெரியும். ஒருவரும் பேசவில்லை. பழக்கதோஷத்தில் நான் கேட்டேன், "மறுபடி சொல்லுங்கள், எந்தத் தேதி?" என்று. அறையே உறைந்துவிட்டது. அதற்குப் பிறகு என்னை அந்த மீட்டிங்குக்குக் கூப்பிடவில்லை. தோளில் நட்சத்திரம் இருந்தால் யாரிடம் எப்படிச் சொல்வது என்றாவது தெரியும். அங்கே ரேங்க் கண்ணுக்குத் தெரியாமல் இருந்தது. பயம் மட்டும் இருந்தது.

அந்தப் பேச்சாளர் கெட்டவர் என்று சொல்லவில்லை. நன்றாகத்தான் பேசினார். ஆனால் தெரியாததை எடுத்து உதாரணம் காட்டினார். அரங்கில் எங்களைப் போல எத்தனை பேர் உட்கார்ந்திருப்பார்கள் என்று அவர் யோசிக்கவில்லை. நிகழ்ச்சி முடிந்ததும் அவரிடம் போய்ப் பேசலாம் என்று எழுந்தேன். சுற்றிலும் செல்ஃபி எடுக்கிற கூட்டம். நின்று பார்த்துவிட்டு வந்துவிட்டேன்.

வண்டியில் வரும்போது மகன் கேட்டான், "கோபமாப்பா?" என்று. இல்லை என்றேன். வீட்டுக்கு வந்ததும் அந்த மழை ராத்திரிக் கதையைச் சொன்னேன். இத்தனை வருஷத்தில் அவனிடம் அதைச் சொன்னதே இல்லை என்று அப்போதுதான் உறைத்தது. பென்சில் தட்டிய இடம் வந்ததும் நிறுத்தச் சொன்னான். "அந்த சாப் ஏன் வாயைத் திறந்து சொல்லவில்லை?" என்று கேட்டான்.

செட் என் கையில் இருந்தது, அதனால்தான் என்றேன்.

தயவுசெய்து அந்த வீடியோவை இனி யாரும் எனக்கு அனுப்பாதீர்கள்.