என்னைக் கேட்டதை உங்கள் டிவியிடமும் கேளுங்கள்

நேற்றைய பதிவின் கீழ் நடந்த கூத்தைப் பார்க்காதவர்களுக்குச் சுருக்கமாகச் சொல்கிறேன். நாம் என்ன பார்க்கிறோம் என்று ஸ்மார்ட் டிவி கணக்கெடுத்து அனுப்புகிறது, அந்த ஆப்ஷனை எங்கே போய் அணைப்பது என்று எழுதினேன், அவ்வளவுதான். அதற்கு, “மடியில் கனம் இல்லாதவனுக்கு வழியில் என்ன பயம்?” என்று ஒரு அண்ணன் ஆரம்பித்து வைத்தார். “நீங்க என்ன மந்திரியா? உங்க வீட்டுல என்ன சீரியல் ஓடுதுன்னு எவன் பார்க்கப் போறான்?” என்று அடுத்தவர். டிவிக்குப் போர்வை போர்த்திய படம் ஒன்றும் வந்தது. நன்றாக இருந்தது, சேமித்து வைத்திருக்கிறேன்.

என் வீட்டில் என்ன ஓடுகிறது என்பது யாருக்கும் முக்கியமில்லை, சரி. நான் சொன்னதே அது இல்லையே! நாம் பார்ப்பதை டிவி கம்பெனிக்காரன் கேட்காமல் எடுக்கிறான். நான் சொன்னது இது ஒன்றுதான்.

நடப்பது இதுதான். ஏசிஆர் என்றொரு நுட்பம். திரையில் ஓடும் காட்சியிலிருந்தும் ஒலியிலிருந்தும் டிவி சிறு சிறு மாதிரிகளை எடுத்து, கைரேகை போல ஒரு எண் தொடராகச் சுருக்கி சர்வருக்கு அனுப்பும். அங்கே நிகழ்ச்சிகள், படங்கள், விளம்பரங்களின் கைரேகைகள் முன்பே சேர்த்து வைக்கப்பட்டிருக்கும். ஒப்பிட்டுப் பார்த்தால் இந்த வீட்டில் இந்த நேரத்தில் எது ஓடியது என்று தெரிந்துவிடும். “வீடியோவை அனுப்பினா என் டேட்டா தீர்ந்திருக்குமே” என்று கேட்ட தம்பிக்கு: வீடியோ போகவில்லை, எண்கள்தான் போகின்றன. அதனால்தான் உங்களுக்குத் தெரியவில்லை.

பிரிட்டனிலும் அமெரிக்காவிலும் சாம்சங், எல்ஜி டிவிகளை வைத்துப் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் சோதித்து 2024-ல் வெளியிட்டார்கள். எல்ஜி 15 விநாடிக்கு ஒருமுறையும் சாம்சங் நிமிடத்துக்கு ஒருமுறையும் அனுப்பின. எச்டிஎம்ஐ வழியாக வேறு கருவியை மாட்டி, டிவியை வெறும் திரையாகப் பயன்படுத்தியபோதும் அனுப்பின. “நான் டிவி ஆப் எதுவும் தொடறதில்ல, லேப்டாப்பைத்தான் மாட்டுறேன்” என்று நிம்மதியாக இருப்பவர்கள் இதை இன்னொரு முறை படியுங்கள். ஒரு நல்ல சேதியும் அதே ஆய்வில் உண்டு. அமைப்புகளில் போய் அணைத்ததும் அந்தப் போக்குவரத்து நின்றுவிட்டது. ஆகவே “அணைச்சாலும் அனுப்புவான், எல்லாம் வீண் வேலை” என்ற வாதமும் நிற்காது. சோம்பேறித்தனத்துக்குத் தத்துவப் பூச்சு வேண்டாம்.

அடுத்து, “இதெல்லாம் நிரூபணம் ஆச்சா?” அமெரிக்காவில் விசியோ என்ற டிவி நிறுவனம் 2014 பிப்ரவரியிலிருந்து 1.1 கோடி டிவிகளில் விநாடிக்கு விநாடி எடுத்தது என்று அந்நாட்டு வர்த்தக ஆணையமும் நியூஜெர்சி மாநிலமும் வழக்குப் போட்டன. 2017-ல் 22 லட்சம் டாலர் கட்டி முடித்துக்கொண்டார்கள். அந்தப் பார்வைப் பட்டியலோடு வயது, பாலினம், வருமானம், திருமண நிலை, வீடு சொந்தமா என்பதெல்லாம் சேர்க்க வழிசெய்து கொடுத்ததாகப் புகாரில் இருக்கிறது. இணைத்தது எதை வைத்து? உங்கள் ஐபி முகவரியை, அதாவது இணையத்தில் உங்கள் வீட்டு இணைப்புக்கு இருக்கும் எண்ணை வைத்து. வீட்டு டிவியும் கைப்பேசியும் ஒரே வைஃபையில் இருந்தால் வெளியே தெரியும் முகவரி பெரும்பாலும் ஒன்றுதானே. அந்த டிவியில் இந்த வசதிக்கு வைத்திருந்த பெயர் ‘ஸ்மார்ட் இன்டராக்டிவிட்டி’. இந்தப் பெயரைப் பார்த்து யாருக்குச் சந்தேகம் வரும்? 2025 டிசம்பரில் டெக்சாஸ் மாநிலம் சாம்சங், எல்ஜி, சோனி, ஹைசென்ஸ், டிசிஎல் ஐந்தின் மேலும் இதே விஷயத்துக்கு வழக்குப் போட்டது.

மடியில் கனம் அண்ணனுக்கு மட்டும் ஒன்று. 1987-ல் அமெரிக்க உச்ச நீதிமன்றத்துக்குப் பரிந்துரைக்கப்பட்ட ராபர்ட் போர்க் வாடகைக்கு எடுத்த வீடியோ கேசட்டுகளின் பட்டியலை ஒரு பத்திரிகை வெளியிட்டது. பட்டியலில் அசிங்கமாக எதுவுமே இல்லை. ஆனாலும் கட்சி வேறுபாடு இல்லாமல் எல்லாருக்கும் வயிற்றைக் கலக்கி, அப்படிப் பட்டியலை வெளியே கொடுக்கக் கூடாது என்று அடுத்த வருஷமே சட்டம் கொண்டுவந்தார்கள். கனம் இல்லாத மடியையும் யாரும் தடவிப் பார்க்கக் கூடாது, அண்ணே.

“விலை குறைச்சுத் தர்றானே, சும்மாவா?” என்பதில் கொஞ்சம் நியாயம் உண்டு. 2021-ன் மூன்றாம் காலாண்டில் அதே விசியோவுக்கு டிவி விற்றதில் வந்ததைப் போல இரண்டு மடங்குக்கு மேல் மொத்த லாபம் விளம்பரமும் தரவும் சேர்ந்த பிரிவில் வந்தது. விற்பது எதை என்பது இதிலேயே தெரிகிறது. இதைக் கடையில் சொல்லி, “இது வேணுமா, ரெண்டாயிரம் கூடக் கொடுத்து அது வேணுமா?” என்று கேட்டால் பலர் இதையே எடுப்பார்கள். எடுக்கட்டும். கேட்கவில்லையே!

“அக்ரீ கொடுத்தது நீங்கதானே?” யார் கொடுத்தது? என் சித்தப்பா வீட்டில் டெமோ கொடுக்க வந்த பையன் ரிமோட்டைக் கையில் வாங்கியவன் எல்லாவற்றையும் டிக் செய்து ஓகே, ஓகே என்று தட்டிக்கொண்டே போனான். சித்தப்பா அப்போது அவனுக்கு மோர் எடுக்க உள்ளே போயிருந்தார். அந்தப் பையனைக் குறை சொல்ல மாட்டேன், அவனுக்கு அடுத்த வீடு காத்திருக்கிறது. ஆனால் சித்தப்பா ஒப்புக்கொண்டார் என்று எங்கோ ஒரு சர்வரில் பதிவாகியிருக்கிறது. டிஆர்பி கணக்கெடுக்க மீட்டர் வைக்கும் வீட்டில்கூடச் சொல்லிவிட்டுத்தான் வைக்கிறார்கள்.

நம் ஊரின் 2023 தரவுப் பாதுகாப்புச் சட்டம், ஒப்புதல் தெளிவாக, குறிப்பாக, நிபந்தனையின்றி இருக்க வேண்டும் என்கிறது. அறிவிப்பைத் தமிழ் உட்பட 22 மொழிகளில் எதிலும் படிக்க வழி இருக்க வேண்டும் என்றும் சொல்கிறது. விதிகள் 2025 நவம்பரில் வந்தன. முக்கியமான கடமைகள் அமலுக்கு வர அதிலிருந்து 18 மாதம். அதுவரை ரிமோட்தான் கதி.

ஆகவே மறுபடியும், சிரித்தவர்களுக்கும் சேர்த்தே. சாம்சங்கில் செட்டிங்ஸ், டெர்ம்ஸ் அண்ட் பிரைவசி, பிரைவசி சாய்சஸ் போய் ‘வியூயிங் இன்ஃபர்மேஷன் சர்வீசஸ்’ டிக்கை எடுங்கள். எல்ஜியில் ஜெனரல், சிஸ்டம், அடிஷனல் செட்டிங்ஸ் உள்ளே ‘லைவ் பிளஸ்’. அதோடு விடாமல், யூசர் அக்ரிமென்ட்ஸில் ‘வியூயிங் இன்ஃபர்மேஷன்’ என்பதையும் எடுக்க வேண்டும். சோனியில் ‘சாம்பா இன்டராக்டிவ் டிவி’ இருந்தால் அணையுங்கள். மாடலுக்கு மாடல் இடம் கொஞ்சம் மாறும். பெரிய அப்டேட்டுக்குப் பிறகு புதிய ஒப்புதல் திரை வந்தால், அவசரத்தில் ஓகே அடித்தால் செய்த வேலை எல்லாம் போச்சு. அப்டேட் முடிந்ததும் ஒருமுறை உள்ளே போய்ப் பாருங்கள்.

டிவியையே வைஃபையிலிருந்து கழற்றிவிட்டு, எச்டிஎம்ஐயில் செருகிப் படம் பார்க்கும் ஸ்ட்ரீமிங் ஸ்டிக் மாட்டுவது இன்னும் சுத்தம். டிவி வாய் மூடிவிடும், ஆனால் ஸ்டிக் தன் பங்குக்கு எடுக்கும், அதன் பிரைவசி பக்கத்தையும் பார்க்க வேண்டும். ரவுட்டரில் டிஎன்எஸ் (தளத்தின் பெயரை ஐபி எண்ணாக மாற்றித் தரும் சேவை) தடுப்பு போடுபவர்கள், தளத்தின் பெயரில் ‘ஏசிஆர்’ என்றும், எல்ஜியில் ‘அல்ஃபான்ஸோ’ என்றும் வரும் முகவரிகளை மட்டும் தடுங்கள். கண்ணில் பட்டதையெல்லாம் தடுத்தால் ஆப் ஸ்டோரும் அப்டேட்டும் படுத்துக்கொள்ளும், அப்புறம் என்னைத் திட்டுவீர்கள். சில கருவிகள் உங்கள் டிஎன்எஸ்ஸை மதிக்காமல் நேராகக் கூகுளின் டிஎன்எஸ்ஸான 8.8.8.8-க்குப் போகும். ரவுட்டரில், டிஎன்எஸ் கேள்விகள் போகும் 53-ஆம் போர்ட்டைத் திருப்பிவிட்டால்தான் அவை வழிக்கு வரும்.

எனக்கு வருத்தம் வேறு. லீவில் வந்து பெரிய டிவி மாட்டிவிட்டு, நான்கே நாளில் விமானம் ஏறும் பிள்ளைகள்தான் நேற்று அதிகம் சிரித்தீர்கள். அந்த டிவியின் முன்னால் மிச்ச வருஷம் முழுக்க உட்காரப் போகிறவர்கள் உங்கள் அப்பா அம்மா. எந்த நேரத்துக்கு எழுந்து பார்க்கிறார்கள், எந்த மருந்து விளம்பரம் ஓடும்போது சேனல் மாற்றாமல் இருக்கிறார்கள் என்பது வரை கணக்காகும். அவர்களுக்கு அந்த மெனு தெரியாது, ஆங்கிலம் வேறு. உங்களுக்குத் தெரியும். பத்து நிமிஷ வேலை. அதற்குத்தான் எனக்குப் போர்வைப் படம்!

ஆப்ஷன் கிடைக்காதவர்கள் கீழே கேளுங்கள். மாடல் எண் டிவியின் பின்பக்க ஸ்டிக்கரில் இருக்கும், படம் எடுத்துப் போடலாம். சீரியல் எண்ணை மட்டும் விரலால் மறைத்துவிட்டு எடுங்கள்.