நவம்பர் 14 குழந்தைகள் தினம்: 1964க்கு முன்பே உண்டு

ஒரு நண்பர், "1964இல் நேரு மறைந்த பிறகுதான் நவம்பர் 14 குழந்தைகள் தினம் ஆனது, அதுவரை ஐ.நா. சொன்ன நவம்பர் 20தான்" என்று எழுதியிருக்கிறார். வருஷா வருஷம் வாட்ஸ்அப்பில் சுற்றுகிற கதைதான். ஆனால் தபால்தலை சேர்ப்பவர்களிடம் இது எடுபடாது.

1957 நவம்பர் 14 அன்றே, நேரு பிரதமராக இருக்கும்போதே, இந்தியத் தபால்துறை குழந்தைகள் தினத்துக்கென்று 3 தபால்தலைகள் வெளியிட்டது. ஒன்றில் வாழைப்பழம் தின்னும் பையன், 8 நயா பைசா. இன்னொன்றில் பலகையில் எழுதும் சிறுமி. மூன்றாவது சுடுமண் குதிரை பொம்மை. எனக்குப் பிடித்தது அதுதான். ஊட்டம், படிப்பு, விளையாட்டு என்று கணக்கு. பிற்பாடு குழந்தைகள் வரைந்த ஓவியங்களே இந்த நாளுக்குத் தபால்தலையாக வந்தன.

அப்புறம் அந்த ஐ.நா. விஷயம். குழந்தைகள் தினம் பற்றிய அதன் 1954 தீர்மானம் அந்தந்த நாடு தனக்குத் தோதான நாளை வைத்துக்கொள்ளலாம் என்றுதான் சொன்னது. நவம்பர் 20 என்பது 1959இல் குழந்தை உரிமைப் பிரகடனம் நிறைவேறிய தேதி. 1989 குழந்தை உரிமை உடன்படிக்கையும் அதே தேதியில்தான் வந்தது.

நண்பரே, பள்ளி ஆண்டு மலருக்கு இதை எழுதப்போவதாகச் சொல்லியிருக்கிறீர்கள். அச்சுக்குப் போகுமுன் '1964இல் நேரு மறைந்த பிறகுதான்' என்ற அந்த வரியை மாற்றிவிடுங்கள்.