அடைப்பு ஏன் அந்த இடத்தில் மட்டும்?

மாரடைப்பு பற்றிய கட்டுரையில் ‘ரத்தக் குழாயில் கொழுப்பு படிகிறது’ என்பதோடு நிறுத்திவிட்டீர்கள். மலேசியாவில் எங்கள் சுங்கை சிப்புட்டில் பால்மரம் (ரப்பர் மரம்) வெட்டி ஓய்ந்த பெரியவர்கள் கேட்பதே வேறு: “உடம்பு முழுக்க ஒரே ரத்தம்தானே, ஒரு இடத்துல மட்டும் எப்படிப்பா அடைக்குது?” பக்கத்து வீட்டு மாமாவின் ஆஞ்சியோகிராம் படத்தில், குழாய் வளைந்து திரும்பும் இடத்தில்தான் குறுகல்.

ரத்தம் ஒரே சீராக ஓடுவதில்லை. ஒவ்வொரு துடிப்புக்கும் பாய்ந்து தணியும், சில இடங்களில் கணநேரம் பின்னோக்கியும் நகரும். வளைவில் நடுவே வேகமாக வரும் ரத்தம் வெளிச்சுவர் பக்கம் ஒதுங்கும்; சுவரோரத்து ரத்தம் சுற்றிக்கொண்டு உள்வளைவுக்குத் திரும்பும். வளைந்த குழாயில் உண்டாகும் இந்த இரட்டைச் சுழலை 1927இல் டீன் என்ற கணித அறிஞர் கணக்கிட்டார். துடிப்போடு ஓடும் ரத்தத்துக்கு, நேர்க்குழாயை வைத்து, வோமர்ஸ்லி என்ற இன்னொரு கணித அறிஞர் 1955இல் கணக்குப் போட்டார்.

உள்வளைவில் சுவரை உரசும் விசை பெரும்பாலும் குறைவு, திசையும் மாறிக்கொண்டிருக்கும். அங்கேதான் சுவரின் உட்படலச் செல்கள் ஒழுங்கு குலைந்து கொழுப்பை உள்ளே விடுகின்றன. கழுத்துத் தமனி கிளைவிடும் இடத்திலும் இதே கதைதான். இனிப்பு நீர் நோயும் (நீரிழிவு) சிகரெட்டும் கெடுதல் என்பதில் எனக்கு மாற்றுக்கருத்தே இல்லை. ஆனால் அடுத்த கட்டுரையில் இந்த வளைவை ஒரு படமாவது போட்டு விளக்குங்கள், தயவுசெய்து.