காணாமல் போனால் 24 மணி நேரம் காத்திருக்க வேண்டுமா?

“ஒருவர் காணாமல் போனால் 24 மணி நேரம் கழித்தே போலீசார் புகார் வாங்குவார்கள்” என்றொரு வாட்ஸ்அப் செய்தி கடலூர், புதுச்சேரி குழுக்களில் சுற்றுகிறது. இது தவறு. துப்பறியும் தொடர்களில் கேட்டுப் பழகிய வசனம் அது. சட்டத்தில் அப்படி ஒரு வரி கிடையாது. பஸ் நிலையக் கேமராப் பதிவு, பார்த்தவர்களின் நினைவு எல்லாம் கைக்கு எட்டுவது முதல் சில மணி நேரத்தில்தான். அதையா வீணாக்குவது?

குழந்தை காணவில்லை என்றால், கடத்தலாகக் கருதி வழக்குப் பதிய வேண்டும் என்று 2013 மே மாதமே உச்ச நீதிமன்றம் உத்தரவிட்டது. புதுச்சேரியின் பாகூரில் கடத்தல் நடந்திருந்தாலும் தமிழ்நாட்டில் கடலூர் மஞ்சக்குப்பத்தில் புகார் தரலாம். மாநில எல்லை தடையில்லை. இதைச் சொல்லும், குற்றவியல் நடைமுறைச் சட்டமான பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 173ஆம் பிரிவை ‘இந்தியா கோட்’ அரசு இணையதளத்தில் படித்துப் பாருங்கள். அவசரத்துக்கு 112, குழந்தைகளுக்கு 1098. அந்தச் செய்தியைத் தயவுசெய்து இனி யாருக்கும் அனுப்பாதீர்கள்.