டெரியர் கலப்பு நாயை அமுக்கிப் பிடிப்பது தீர்வல்ல

"டெரியர் கலப்பு சொன்ன பேச்சு கேட்காவிட்டால், அது வீட்டுக்குத் தலைவனாக ஆகப் பார்க்கிறது, மல்லாக்கத் தள்ளி அமுக்கினால் அடங்கிவிடும்" என்று ஒருவர் எழுதியிருக்கிறார். தயவுசெய்து யாரும் இதைச் செய்து பார்க்க வேண்டாம்.

இந்தத் தலைவன் கதை, அடைத்து வைத்த ஓநாய்களைப் பார்த்து ருடால்ஃப் ஷெங்கல் என்ற ஆய்வாளர் 1947-இல் எழுதியதிலிருந்து கிளம்பியது. அதைப் பரப்பிய ஓநாய் ஆய்வாளர் டேவிட் மீச் 1999-இல் திருத்திவிட்டார்: காட்டில் ஓநாய்க் கூட்டம் என்பது பெரும்பாலும் தாய், தகப்பன், குட்டிகள் கொண்ட குடும்பம்தான்.

டெரியர் என்பது வேட்டைக்காக வளர்க்கப்பட்ட நாய் வகை; அதன் பிடிவாதத்துக்குக் காரணம் வேறு. நரியைத் துரத்தி வளைக்குள் போனால் கட்டளையிடப் பக்கத்தில் ஆள் இருக்காது. அதனால் தானே முடிவெடுக்கும் நாய்களைத்தான் தலைமுறை தலைமுறையாகத் தேர்ந்தெடுத்து வளர்த்தார்கள். கலப்பில் அந்தக் குணம் எவ்வளவு இறங்கும் என்பது நாய்க்கு நாய் மாறும்.

எங்கள் நாய், புதரில் ஏதாவது சலசலத்தால் ஒரு முன்னங்காலைத் தூக்கியபடி அப்படியே உறைந்து நிற்கும். அப்போது கத்திப் பயனில்லை. அதற்கு முன்பே, தலை திரும்பும்போதே கூப்பிட்டு, வந்ததும் இழுத்து விளையாடக் கயிற்றைக் கொடுத்தால் வருகிறது.

அமுக்கினால் பயத்தில் கடிக்கலாம், அதுவும் உங்கள் முகத்துக்குப் பக்கத்தில். உறுமினாலும் அடிக்காதீர்கள், அது எச்சரிக்கை. அப்புறம், குணம் திடீரென்று மாறினால் முதலில் கால்நடை மருத்துவரிடம் காட்டுங்கள்; எங்காவது வலி இருக்கலாம்.